இல்லை என்று சொல்லத் தெரியாத செல்கள்

"அவர் போயிட்டார் மோளே" என்று, என்னை மகளாகவே நினைக்கும் சரசு அக்கா போனில் சொன்னபோது, "எங்கே அக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவருடைய கணவர் கணேசண்ணன் யார் கூப்பிட்டாலும் போகிறவர் அல்லவா? மட்டாஞ்சேரியில் அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டு இரும்பு அலமாரியை மாடிக்கு ஏற்றக் கைகொடுக்கப் போனவர், படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் செல் வளர்ப்பு அவர் பொறுப்பு. தினமும் படகேறி வருவார். நாங்கள் ஆராய்ந்தது இரைப்பைப் புற்றுநோய். உடம்பில் எங்கே புண் என்றாலும் ஆற்ற ஓடும் ஸ்டெம் செல்கள், புற்றுக்கட்டியையும் புண் என்று நம்பிப் போய், அங்கேயே தங்கி, அது கொழுக்க வேண்டியதையெல்லாம் சுரந்து கொடுக்கின்றன. அதை எப்படி நிறுத்துவது என்பதுதான் எங்கள் தலைவலி.

அந்த ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்க ஆரோக்கியமான ஒருவரின் எலும்பு மஜ்ஜை தேவைப்பட்டது. தருவதாகச் சொன்னவர் ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் பாத்ரூம் போனார், போனவர் போனவர்தான். "ஆளில்லைன்னா எனக்குப் போடுங்கோ" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் குப்புறப் படுத்துவிட்டார் கணேசண்ணன். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சரசு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இவருக்கு முதுகெலும்பே கிடையாதே, எங்கேருந்து மோளே எடுத்தீங்க?"

"இடுப்பெலும்புலேருந்து அக்கா."

"ஓ, அது இருக்கா?"

கணேசண்ணன் சாயாவை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

கொடுத்தவர் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது விதி. அவரோ வருகிறவர்களையெல்லாம் செல்கள் வளரும் இன்குபேட்டர் முன்னால் நிறுத்தி, "மேல் தட்டுல இருக்கறது நானாக்கும்" என்பார்.

நான்கு பேருடைய ஸ்டெம் செல்களைப் புற்றுச் செல்களோடு வளர்த்தோம். அவருடையவை இருந்த இடத்தில்தான் புற்று தளதளவென்று வளர்ந்தது. மறைக்கப் பார்த்தேன், கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நாள் அந்த வளர்ப்புத் தட்டுகளையே எடுத்து எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கேட்டா கொடுத்துடும் மோளே, என்னோடதாச்சே. அதுக்காவது இல்லைன்னு சொல்லக் கத்துக்கொடு." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் அப்பா இரைப்பைப் புற்றில் போனவர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன்பின் மருந்து மாற்றி மருந்து போட்டுப் பார்த்தோம். பெருகிப் பெருகி அவர் செல்களுக்கும் கிழடு தட்டியது. சரசு அக்காவின் போன் வந்தபோது, கடைசித் தட்டுகளுக்கு ஊட்டநீர் மாற்றப் போய்க்கொண்டிருந்தேன். அழுதுகொண்டே மாற்றினேன். முகக்கவசம் நனைந்துவிட்டது, அவர் இருந்திருந்தால், "கண்ணீர் விழுந்தா செல் கெட்டுப்போகும், வெளியே போ" என்று விரட்டியிருப்பார்.

நாலாம் நாள் செல்களை எண்ணினேன். சுரப்பைத் தடுக்கும் மருந்து போட்ட தட்டில் புற்று வளரவில்லை. அண்ணனின் செல்கள் உயிரோடுதான் இருந்தன; கொடுக்கவில்லை, அவ்வளவே. ஒரு தட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று தெரிந்தும் துக்க வீட்டுக்கு ஓடினேன்.

"அண்ணனோட செல் இல்லைன்னு சொல்லிடுச்சு அக்கா!"

சரசு அக்கா என்னையே பார்த்தார். "அந்த அலமாரிக்காரன் கூப்பிட்டப்போ சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றார். இரண்டு பேரும் வெட்கமில்லாமல் சிரித்தோம், பிறகு அழுதோம்.

அவர் செல்களை ஆரம்பத்திலேயே உறையவைத்த ஒரு குழாய் மட்டும் என் பொறுப்பில் இருக்கிறது. அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய அது ஒன்றுதான் மிச்சம். போன வாரம் வேறொரு ஆய்வகத்திலிருந்து அதைக் கேட்டார்கள். அண்ணனாக இருந்தால் படகேறிக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்.

நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.