சைக்கிள் பாதையில் நெல்

போன செவ்வாய்க்கிழமை காலை வேலணை ரோட்டில் சுகந்தி ரீச்சர் ஒரு பஸ்ஸை மறித்தார். கை காட்டி அல்ல. சைக்கிளை நடுரோட்டில் ஸ்ராண்ட் போட்டு நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்டர் சொன்னதால் காலையில் சைக்கிள் ஓடுகிறவன் நான். ஓடுகிற நேரத்தைவிட இறங்கி நின்று விடுப்பும் வேடிக்கையும் பார்க்கிற நேரம்தான் அதிகம் – இது டொக்டருக்குத் தெரியாது.

போன மாரியில் ஒரு வான் ரீச்சரைத் தட்டிவிட்டுப் போனது. கை முறிந்து, ஒரு தவணை முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு சைக்கிளுக்கு வழி கேட்டு அவர் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. கடைசியில் ரோட்டின் இரு ஓரமும் மஞ்சள் கோடு வந்தது. கோட்டுக்கு உள்ளே சைக்கிள் படம். பட்டணத்துச் சாமான் எங்கள் தீவுக்கும் வந்துவிட்டதே என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கோடு வந்ததும் சைக்கிளுக்கு முன்னம் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். ஓட்டோக்கள் நிழல் பார்த்து நின்றன. யாரோ ஆடு கட்டினார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை கமக்காரர் சிவராசா அண்ணை படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார். சரியாகச் சைக்கிள் படத்துக்கு மேலே.

"ரீச்சர், ரோட்டாலை சுத்திப் போங்கோவன்."

"ரோட்டிலை பஸ் வருது, அண்ணை."

"அப்ப பஸ்ஸுக்குச் சொல்லுங்கோ."

ரீச்சர் சொல்லிவிட்டார். பஸ் நின்றது.

சாரதி இறங்கி வந்தார். "கோடு போட்டதிலையிருந்து, எதிரிலை லொறி வந்தால் ஒதுங்க ஏலாமக் கிடக்கு. உங்களுக்கு வழி தந்தவை, எனக்கு எங்கை தந்தவை?"

அதிலும் நியாயம் இருந்தது. ரோட்டே ஒடுக்கம்.

பஸ்ஸுக்குள் இருந்த கடைக்காரர் தலையை நீட்டினார். "கடைக்கு வாறவை மோட்டச்சைக்கிளை எங்கை விடுறது?"

"பிள்ளையள் இப்பதானே பயமில்லாமல் பள்ளிக்கூடம் போகினம்," என்றார் பின் சீற்றில் ஒரு அம்மா.

ஆளுக்கொரு நியாயம்... கோடு ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து, சிவராசா அண்ணையின் மனுசி மனோன்மணி அக்கா சந்தையில் இருந்து சைக்கிளில் வந்தார். பாதையில் நெல். அதை விலத்த ரோட்டுக்கு ஏறினார். நின்ற பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு வானும் வந்தது.

பிரேக் சத்தம். வான் அக்காவின் முழங்கையை ஒட்டி நின்றது. சைக்கிள் சரிய, கத்தரிக்காயும் தேசிக்காயும் ரோட்டில் உருண்டன. அக்காவுக்கு ஒன்றுமில்லை. அண்ணைதான் பொத்தென்று நெல்லுக்கு மேலேயே இருந்துவிட்டார்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஆற்றை நெல் இது?"

யாருடைய நெல் என்று அவருக்குத் தெரியாதா?

அண்ணை எழும்பிப் படங்கின் ஒரு தலைப்பைப் பிடித்தார். முறிந்து சுகமான கையால் மற்றத் தலைப்பை ரீச்சர் பிடித்தார். ரீச்சர் சைக்கிளை எடுத்ததும் பஸ் போனது.

சைக்கிள் பாதை நல்லதா, கூடாதா? இந்தக் கேள்விக்கு, தாங்கள் எதில் போகிறோம் என்பதைத்தான் எல்லோரும் பதிலாகச் சொல்கிறார்கள். வீட்டு ஆள் சைக்கிளில் வரும்போது மட்டும் பதில் மாறுகிறது.

அடுத்த நாள் அந்த இடம் துப்புரவாக இருந்தது. ரீச்சர் மணி அடித்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட ஒழுங்கைக்குள் திரும்பினார். நான் சந்தோசமாக நேரே ஓடினேன். ஒழுங்கையைத் தாண்டியதும் – படங்கு, நெல், பக்கத்தில் சிவராசா அண்ணை.

"இஞ்சாலை ரீச்சர் வாறேல்லை. மனுசியும் வாறேல்லை," என்றார்.

அந்தப் பக்கத்தால் வருவது ஆற்றை மனுசியோ?