சி-த்ரீ குறைந்ததற்கு அல்வா

எங்கள் குடும்பத்தில் குறைவு என்றால் நல்ல சேதி. சர்க்கரை குறைந்தால் சந்தோஷம். பிரஷர் குறைந்தால் சந்தோஷம். கொலஸ்ட்ரால் குறைந்தால் அந்த வெள்ளிக்கிழமையே பிரியாணி போட்டு அதைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுவோம். லேப் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஹெச் என்ற எழுத்து இருந்தால் முகம் சுருங்க வேண்டும், எல் இருந்தால் விரிய வேண்டும். இதற்கு மேல் மருத்துவம் படிக்க வேண்டிய அவசியம் கடலூர் முதுநகரில் எனக்கு வந்ததில்லை.

என் மனைவிக்கு லூபஸ். உடம்பின் காவல்படை உடம்பையே எதிரியாக நினைத்து அடிக்கிற நோய். சில வருடங்களாக மாத்திரைக்கு அடங்கிக் கிடந்தது. அவளும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக மற்றவர்களை அடக்கிக்கொண்டிருந்தாள். இந்த மழைக்காலத்தில் அவளுக்குக் கணுக்கால் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது. சிதம்பரத்தில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மா வீக்கத்தை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. அது நிரம்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிட்னிக்குப் போயிருக்கான்னு தெரியணும். காம்ப்ளிமென்ட் சி-த்ரீ, சி-ஃபோர் எழுதியிருக்கேன். ரிசல்ட்டைப் பார்த்துட்டு பயாப்சி பத்திப் பேசலாம்."

பயாப்சி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். அவளுக்கு ஊசி என்றாலே ஆகாது. இது முதுகு வழியாகக் கிட்னிக்குள் போகிற ஊசி.

நான் நிறையப் படித்தவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. லேப் கவுன்ட்டருக்குப் போகிற வரை அது இருந்தது. எங்கள் ஊரில் காம்ப்ளிமென்ட் என்றால் ஜவுளிக்கடையில் புடவையோடு சும்மா தருகிற கட்டைப்பை.

"ஏம்மா, இது காம்ப்ளிமென்ட்டுதானே?"

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்கு பில் போடுறீங்க?"

கவுன்ட்டர் பெண் என்னைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற என் மச்சானைப் பார்த்தாள். "சார், இது ரத்தத்துல ஓடுற புரோட்டீன். கடையில சும்மா தர்ற பொருள் இல்ல."

மச்சான் என் மனைவியின் தம்பி. குவைத்தில் இருந்துவிட்டு வந்து இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஊர் திரும்புகிற பஸ் புதுச்சத்திரம் தாண்டுகிற வரை அவன் சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாள் மாலை ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. சி-த்ரீ, எல். சி-ஃபோர், அதுவும் எல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன்: "ரிசல்ட் வந்துவிட்டது. எல்லாமே குறைவு. அல்ஹம்துலில்லாஹ்."

மாஷா அல்லாஹ்க்கள் வந்து குவிந்தன. பிறகு ஆட்களே வந்தார்கள். மச்சான் அல்வாவோடு வந்தான். மனைவி வந்தபோது வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

"நெசமாவா?" என்றாள் என்னிடம்.

"எல்லாம் லோ."

"அப்ப பயாப்சி?"

"அது எதுக்கு இனிமே?"

பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தாள். அல்வாவை ரெண்டாம் முறை எடுத்துக்கொண்டாள். "அப்ப வியாழக்கிழமை டாக்டரப் பார்க்க சிதம்பரம் போக வேணாங்க. திருத்த வேண்டிய பேப்பர் ஜாஸ்தியா கெடக்கு" என்றாள். நான் பெருந்தன்மையோடு அனுமதித்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டரம்மாவே போனில் கூப்பிட்டார். "ரிப்போர்ட் பார்த்தேன். ஏன் வரல?" அவர் குரலில் அல்வா இல்லை. மறுநாள் முதல் பஸ் பிடித்தோம்.

"குறைஞ்சிருக்கேம்மா, நல்லதுதானே?" என்று நான் ஆரம்பித்தேன்.

"சார், உங்க வீட்டுல அரிசி குறைஞ்சா என்ன அர்த்தம்? யாரோ ஜாஸ்தியா சாப்பிடுறாங்கன்னு அர்த்தம்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். காம்ப்ளிமென்ட் என்பது கிருமியை அடிக்க ரத்தத்தில் தயாராக நிற்கிற புரோட்டீன் கூட்டம். வேலை வந்தால் அவை வெட்டுப்படும். பெரிய துண்டு எதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். சின்னத் துண்டு ஆள் கூப்பிடப் போகும். சி-த்ரீ-ஏ, சி-ஃபைவ்-ஏ என்று அவற்றுக்குப் பெயர். அந்த வகைக்கே அனஃபிலடாக்சின் என்று ஒரு பட்டம். அவை போகிற இடத்தில் ரத்தக் குழாய் கசியும், வீங்கும். நெஞ்சில் என்றால் மூச்சுக்குழல் இறுகும். வெள்ளை அணுக்கள் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வரும். கிருமி வந்தால் இதெல்லாம் நமக்கு வேண்டும். இவளுக்குக் கிருமியே இல்லாமல் கிட்னிக்குள் கூப்பாடு நடக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். வெட்டி வெட்டித் தீர்ந்ததால்தான் ரிப்போர்ட்டில் குறைவு.

எனக்கு விளங்கிவிட்டது, விளங்கினால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. "பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் போன் போட்டு 'நம்ம ஆள அடிக்கிறாங்கடா'ன்னு கத்துறான். பைக்குல கூட்டமா வர்றானுங்க. அடிச்சவன் யாருன்னு தெரியாம நடுவுல இருக்கிற டீக்கடைய ஒடைக்கிறானுங்க. அந்த டீக்கடைதான் கிட்னி. சரியா டாக்டர்?"

"கிட்டத்தட்ட" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "போன் போட்டு ஊரையே கூட்டுறவன் யாருன்னு எனக்குத் தெரியும் டாக்டர். வீட்டுலயே ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். நான் சுவரில் இருந்த கிட்னி படத்தைப் படித்தேன்.

பயாப்சிக்கு அவள் சம்மதித்தாள். சண்டை மட்டும் நடக்கிறதா, இல்லை தழும்பே விழுந்துவிட்டதா என்று அதில்தான் தெரியும். சண்டை என்றால் மருந்து அடக்கும், தழும்பு என்றால் போனது போனதுதான். அந்தச் சின்னத் துண்டின் கூப்பாடு காதில் விழாமல் செய்கிற மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டேன். வேறொரு நோய்க்கு அப்படி ஒரு மாத்திரை வந்திருக்கிறது, இதற்கு இப்போதைக்கு இல்லை என்றார்.

ஊசி முடிந்து, அசையக் கூடாது என்று அவளை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போனில் சி-ஃபைவ்-ஏ பற்றித் தேடித் தேடிப் படித்து அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிட அந்த ஊசியே தேவலை என்று அவள் முகம் சொன்னது.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் கூரையைப் பார்த்தபடி. "இத்தன வருஷமா இதே ஒடம்புலதான இருக்கேன். அதுக்கு இன்னும் என்ன அடையாளம் தெரியலையா?"

படித்ததில் எங்கேயாவது பதில் இருக்கும் என்று பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்கலாம்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்ததுமே என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"குடுங்க இங்க" என்று போனை வாங்கிக்கொண்டாள். தம்பியைக் கூப்பிட்டாள். "கிட்னியில சண்ட நடக்குதுடா. ஆனா தழும்பு அவ்வளவா விழல. மருந்து பலமாத்தான் குடுப்பாங்களாம், முகம் வீங்குமாம், ஸ்கூலுக்குக் கொஞ்ச நாள் லீவு. கிட்னிய காப்பாத்திரலாம்னு சொல்றாங்க. இல்ல, யாரும் வர வேணாம். அல்வாவும் வேணாம்."

மறுமுனையில் அவன் என்னைப் பற்றி விசாரித்தான் போலிருக்கிறது.

"இருக்காரு, பக்கத்துலதான். ஒண்ணும் பேச மாட்டாரு" என்றாள், போனை என்னிடம் தராமலே.