சக்கரத்தைப் பாருங்க

பாசஞ்சர் வண்டி நேரத்துக்கு வந்துவிட்டால் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் செல்போனில் மணி பார்த்து, "பரவால்லியே, கரெக்ட் டைமுக்கு வந்துட்டானே" என்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யார் நின்றதால் அது நேரத்துக்கு வந்தது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? அட, கேட்கத்தான் வேண்டாம், நினைத்தாவது பார்த்ததுண்டா?

நான் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக வருகிற இரண்டு வண்டிகள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் விலகிக்கொள்ள முடியும். அங்கே மெயின் லைனுக்குப் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் இருக்கும். அதற்கு லூப் என்று பெயர். பாசஞ்சருக்கு அட்டவணை உண்டு, எங்களுக்குக் கிடையாது. எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ட்ரோல் ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் திரையைப் பார்த்துச் சொல்வார். நிற்கிறவன் யார் என்பதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பாசஞ்சர் நேரத்துக்குப் போகிறது என்றால் எங்கேயோ ஒரு கூட்ஸ் லூப்பில் நிற்கிறது என்று அர்த்தம்.

கோழித் தீவனத்துக்கு வடக்கேயிருந்து மக்காச்சோளம் வரும். அதைச் சேலத்தில் வாங்கி நாமக்கல்லுக்குக் கொண்டுபோவது என் வேலைகளில் ஒன்று. காலையில் கிளம்பினால் ராசிபுரம் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். எதிரே நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பாசஞ்சர் வரும். அதற்கு அங்கே நிறுத்தம் கிடையாது. சுற்றிலும் மரவள்ளிக் காடு, தூரத்தில் கரட்டுக் குன்று, காற்று திரும்பினால் கோழிப்பண்ணை வாடை. சில நாள் அரை மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம்.

நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை. பக்கத்தில் வண்டி கடக்கும்போது என்ஜின் கதவில் நின்று அதன் அடிப்பக்கம் முழுவதையும் நான் பார்க்க வேண்டும். சக்கரத்தில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா, பிரேக் கட்டை பிடித்திருக்கிறதா? ஓடுகிற வண்டியின் டிரைவருக்குத் தன் வண்டியின் சக்கரம் தெரியாது. நிற்கிறவனுக்குத்தான் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சைக் கொடி காட்ட வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டும் பதிலுக்குக் காட்டுவார். ஆல்ரைட் என்று அர்த்தம். மொத்தம் இருபது விநாடி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இருபது விநாடி.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் என் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கரண்ட் வைக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள், காலையில் குறித்த நேரத்தில். எங்கள் பக்கத்தில் கதிர் சிகிச்சையைக் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வார்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் விரலை நீட்டிச் சொன்னார்.

சேலத்தில் எனக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. அங்கேயே வந்து தங்கு என்று கெஞ்சினேன், திட்டியும் பார்த்தேன். கேட்கவில்லை. நாமக்கல் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கட்டுத்தறியில் எருமை இரண்டு.

"நான் தெனமும் ரயில்ல போய்ட்டு வந்துர்றனுங்க. பஸ்ஸுன்னாத்தான் தூக்கித் தூக்கிப் போடும். ரயில்ல கக்கூஸ் இருக்குது, பாஸ் இருக்குது. வேறென்னுங்க வேணும்?"

"தனியா போவியா அம்மிணி?"

"நானென்ன பச்சப் புள்ளைங்களா? ரயில் ஓட்டறவரு பொண்டாட்டிக்கு ரயில்ல போகத் தெரியாதாக்கும்!"

என் விடுப்பெல்லாம் பரிசோதனைகளுக்கு அலைந்ததிலேயே தீர்ந்துவிட்டது. கூடப் போக முடியவில்லையே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம். அவள்தான் சமாதானம் சொன்னாள். யாரோ சீராகக் கொடுத்த பச்சை ரவிக்கைத் துணி ஒன்று பீரோவில் கிடந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நீங்க அந்த லூப்புல நின்னா நானும் கொடி காட்டறனுங்க. ஆல்ரைட்டுன்னு" என்று சிரித்தாள்.

டூட்டியில் செல்போனை அணைத்து வைத்துவிடுவோம். இன்றைக்கு நான் எங்கே நிற்பேன் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் எந்தக் கூட்ஸ் நின்றாலும் துணியைக் காட்டிவிடுவாளாம். "நீங்களா இருந்தா உங்களுக்கு. இல்லாட்டி நிக்கிற புண்ணியவானுக்கு."

முதல் இரண்டு வாரத்தில் மூன்று தடவை அமைந்தது. என்ஜினிலிருந்து நாலாவது பெட்டி, ஜன்னலோரம். பச்சை முதலில் தெரியும், பிறகு முகம். ஒரு விநாடிகூட இருக்காது. ஆனால் அன்றைக்குப் பூரா எனக்குப் பசி தெரியாது. முப்பது வருஷ சர்வீசில் லூப்பில் நிற்கச் சொன்னதற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த நாட்களில்தான்.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. பனி விலகி வெயில் வந்திருந்தது. என் உதவியாளர் பின்னால் வேகன்களைப் பார்க்கப் போயிருந்தார். சிக்னல் விழுந்தது, பாசஞ்சர் வந்தது. நாலாவது பெட்டியில் பச்சை தெரிந்தது. அவள் முகம் ஒட்டிப்போயிருந்தது. முந்தின வாரம் அப்படி இல்லை. இன்னும் சரியாகப் பார்த்துவிடலாம் என்று வண்டி போன திசையில் தலையைத் திருப்பிவிட்டேன். அந்தத் துணி புள்ளியாகும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் வந்த பெட்டிகளை நான் பார்க்கவே இல்லை. கடைசிப் பெட்டியில் கார்டு தெரிந்ததும் கை தன்னால் உயர்ந்து பச்சைக் கொடி காட்டியது.

ஏதோ கருகின வாடை அப்புறம்தான் மூக்கில் ஏறியது.

ஆறாவது பெட்டியில் பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் புகைந்திருக்கிறது. அடுத்த ரயில்வே கேட்டில் இருந்தவர் பார்த்துச் சிவப்புக் கொடியோடு ஓடியிருக்கிறார். வண்டி நடுக்காட்டில் நின்றது. பிரேக்கை விடுவித்து, சூடு ஆறி, சோதித்து அனுப்ப நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆனது. விசாரிக்க வேண்டும் என்று அவ்வளவு நேரமும் என்னையும் லூப்பிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வாக்கி டாக்கியில் கேட்டார்: "உங்க பக்கம் எல்லாம் பாத்தீங்களா?"

"பாக்கலை" என்றேன்.

பிறகு எழுதிக் கேட்டபோதும் அதையேதான் எழுதிக் கொடுத்தேன். ஏன் பார்க்கவில்லை என்று எழுதவில்லை. எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷன். "விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார். சறுக்கியது எனக்கு, விழுந்தது அவளுக்கு என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சாயங்காலம் டூட்டி முடிந்து போனைப் போட்டதும் அவள் அழைப்பு வந்தது.

"ஏனுங்க, இன்னிக்கு வண்டி வழியில நின்னு போச்சுங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள என் நேரம் போயிருச்சு. மெசினுக்கு ஏகப்பட்ட பேரு காத்திருக்காங்களாம். நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. கரண்ட் வெக்கலைங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. புகைந்த சக்கரம் என் பக்கம்தான் இருந்தது என்றும், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் எருமை கத்துவது மட்டும் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"இனிமே என்னைப் பாக்காதீங்க சாமி" என்றாள். "சக்கரத்தைப் பாருங்க. நான் அது மேலதானுங்க உக்காந்து போறேன். என்னையாட்டம் இன்னும் எத்தன பேரு அதுல." பிறகு, "நானும் அந்தத் துணிய எடுத்து உள்ள வெச்சிர்றனுங்க. உங்களுக்கு ஆசை காட்டக் கூடாது பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த லூப்பில் அதே வண்டிக்காக ஐந்து தடவை நின்றேன். என் தலை திரும்பவில்லை, ஓரக்கண்கூட ஜன்னல் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு சக்கரமாக, ஒவ்வொரு பிரேக் கட்டையாகப் பார்த்தேன். நாலாவது பெட்டி வரும்போது கழுத்து நரம்பு இழுக்கும். பல்லைக் கடித்துக்கொள்வேன். இந்தச் சக்கரத்துக்கு மேலேதான் அவள் இருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். கொடி காட்டுவேன், வண்டி போய்விடும். தை கடைசியில் கரண்ட் வைத்து முடிந்தது. விட்டுப்போன அந்த ஒரு நாளையும் கடைசியில் சேர்த்து வைத்தார்கள்.

ஆனியில் மறுபடியும் சோதித்தபோது நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. ஆவணியில் அவள் போய்விட்டாள். அந்த ஒரு நாள் தவறியதுதான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லவே இல்லை, ஒரு நாளால் ஒன்றும் ஆகாது என்று பொறுமையாகச் சொன்னார். அவர் படித்தவர், தெரிந்துதான் சொல்லியிருப்பார். என் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. இன்னும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து டூட்டியில் சேர்ந்த சில வாரத்தில், டிரைவர்கள் தங்கும் ஓய்வறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்தவர் ஈரோட்டுப் பக்கத்து டிரைவர். அவரும் கூட்ஸ்தான். என்னை முகப் பழக்கம், அவ்வளவுதான். என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. லூப்பில் காத்துக் கிடக்கும் கொடுமையைப் பற்றிப் பேச்சு வந்தது. கண்ட்ரோலில் இருப்பவர்களை ஒரு பாட்டம் திட்டினோம். பிறகு அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"ஏனுங்க, அந்தச் சேலம் பாசஞ்சர்ல ஒரு அம்மா பச்சைத் துணி காட்டிட்டுப் போகுமே, பாத்திருக்கீங்களா? நாலாவது பெட்டி. போன தை மாசம் பூரா நான் அந்த லூப்புல நின்னப்பல்லாம் காட்டுச்சுங்க. சக்கரத்தைப் பாத்துட்டே இருந்தாலும் ஓரக்கண்ணுல பச்சை பட்டுடும். நமக்கும் கொடி காட்ட ஒரு சீவன் இருக்குதேன்னு மனசு நெறஞ்சு போகும். இப்பக் காணமுங்க. எங்க போச்சோ பாவம்."

தை மாசம். அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம்.

தட்டில் இருந்த சோறு மங்கலாகத் தெரிந்தது. அவர் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். "நான் சக்கரத்தைத்தான் பாப்பேன்."