பசை அக்கா போட்ட பிளாஸ்டர்

வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பசை அக்காதான். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருட நர்ஸ். மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாயை உதட்டோரம் அவள் பிளாஸ்டர் போட்டு ஒட்டினால் இம்மியும் அசையாது. "என் வீட்டுக்காரரையும் கொஞ்சம் ஒட்டிக் குடுங்கக்கா, வீடு தங்க மாட்டேங்கிறார்" என்று கூட வேலை செய்பவள் கேலி செய்வாள். பசை அக்காவுக்கு உள்ளூரப் பெருமைதான்.

மூன்றாம் கட்டிலில் நாலு வயதுச் சிறுமி. நிமோனியா. பதினோரு நாளாக மெஷின்தான் மூச்சு கொடுத்தது. இப்போது தேறிவிட்டாள், மறுநாள் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் மயக்க மருந்தைக் குறைத்திருந்தார். அவள் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்துவிட்டு வெளியே போகும்போது, "பிளாஸ்டர் எச்சில்ல ஊறிக் கன்னமெல்லாம் புண்ணாயிடுச்சு. அதை மட்டும் மாத்தி விடுங்கக்கா" என்றாள்.

பிளாஸ்டர் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி குழாயைப் பிடிக்க, இன்னொருத்தி உரித்து ஒட்டுவாள். புதிதாக வருகிறவர்களுக்கு இதைத் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுப்பதே பசை அக்காதான். அடுத்த கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ், "ரெண்டு நிமிஷம், வந்துடறேன்" என்றாள்.

"நீ உன் வேலையைப் பாரு."

ஒரு கையால் பிடித்து, மறுகையால் உரித்தாள். ஆயிரம் தடவை செய்த கை என்ற மிதப்பு, வேறென்ன?

சிறுமி இருமித் தலையைத் திருப்பினாள். குழாய் வழுக்கி வெளியே வந்துவிட்டது.

மாஸ்க்கை முகத்தில் அழுத்திக் காற்றுப்பையை அமுக்கினாள். நெஞ்சு உயரவே இல்லை. தொண்டை வீங்கி அடைத்துக்கொண்டிருந்தது. ஓடி வந்த டாக்டருக்கு மூன்றாம் முறைதான் குழாய் உள்ளே போனது. அதற்குள் இதயம் நின்றிருந்தது. நாற்பது நிமிடம் போராடினார்கள். போன உயிர் போனதுதான்.

வெளியே பெஞ்சில் அந்த அம்மா அழுதழுது ஓய்ந்து, பசை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்கக்கா. எனக்குத்தான் குடுத்து வைக்கல."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை.

"குழாய் என் கையிலதான்மா நழுவுச்சு. கூட ஒருத்தி பிடிக்கணும். ரெண்டு நிமிஷம் நான் காத்திருக்கல."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"காத்திருந்தா?"

"நாளைக்கு உங்ககிட்ட பேசியிருப்பா."

அம்மா தன் கையை எடுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கப் பசை அக்காவுக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பாள்?