இரைச்சல் இல்லாத கேபிள்

கீழ்க்கட்டளை மோகன்ராஜுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. ஆம்ப்ளிபையர் ரிப்பேரில் இருபத்திரண்டு வருஷம் பழகிய கை. அந்தக் கை ஒன்று செய்தால் வாய் நான்கு சொல்லும். கிட்டார் வாசிக்கிற யாராவது தடித்த பவர் கேபிள் ஒன்றை வாங்கி வந்து, "இதுல டோன் சூப்பரா வருது அண்ணா" என்று சொன்னால் தொலைந்தான். "டிரான்ஸ்பார்மர்லேர்ந்து உன் வூடு வரைக்கும் சாதாக் கம்பி. கடைசி அஞ்சடிக்கு மட்டும் பட்டுப்புடவை சுத்துனா கரண்ட்டு பாட்டு பாடுமா?" என்று கடை அதிரச் சிரிப்பான். அதில் அவன் சொன்னது சரிதான். தப்பு வேறு இடத்தில் இருந்தது.

"ஆம்ப் உம்முனு கத்துது அண்ணா" என்று வருகிறவர்களுக்கு அவனிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. பக்கத்து வீட்டு மோட்டார், மாவு கிரைண்டர் எல்லாவற்றின் இரைச்சலும் எர்த் கம்பி வழியாகத்தான் ஏறி வருகிறது. ஆகவே பிளக்கைத் திறப்பான். பச்சை வயரை ஒரே வெட்டு. மூடி, அடையாளத்துக்கு மேலே சிவப்பு டேப் இரண்டு சுற்று. இரைச்சல் போயே போச்சு! எர்த் எதற்கென்று அவனுக்குத் தெரியாதா? பெட்டிக்குள் கசிகிற கரண்ட் மனிதன் மேல் ஏறாமல் மண்ணுக்குள் போவதற்கு. நன்றாகவே தெரியும். இத்தனை வருஷம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியம், பாவி மனுஷனுக்கு.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை. காலையிலிருந்து மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கோவிலம்பாக்கத்தில் ஒரு சர்ச் ஹாலுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தாள் டெபோரா. பள்ளியில் சயின்ஸ் டீச்சர். ஞாயிறு ஆராதனையில் கிட்டார் வாசித்துப் பாடுகிறவள். ஹாலின் பழைய ஆம்பையே வைத்துக்கொள்வதா, புதிதாக வந்திருப்பதை வாங்குவதா என்று அன்றைக்கு முடிவாக வேண்டும்.

ஹாலைப் பெருக்கித் துடைக்கும் ஜெயசீலியக்கா அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லோரையும்போல டெபோராவும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றாள்.

பழைய ஆம்பில் முதலில் வாசித்தாள். அடியில் விடாமல் ஒரு உம்ம். புதியதோடு வந்த கேபிளின் பின் நம் ஊர் சாக்கெட்டில் நுழையவில்லை. சர்ச்சின் வயர்ப் பெட்டியில் கிடந்த ஒரு கேபிளை டெபோராவே எடுத்து மாட்டினாள். புதியது துளி இரைச்சல் இல்லாமல் கணீரென்று பேசியது.

"அப்புறம் இன்னா டீச்சர், புதுசுதான் கெலிச்சுது. மூட்டை கட்டலாமா?"

"இருங்க அண்ணா. கேபிள் வேற வேறயா இருக்கே? மாத்திப் போட்டுப் பார்த்தாதானே நியாயம்?"

"கேபிள்ல இன்னா கீது? மாத்துனா மட்டும் மாறிடுமா?"

"மாறலைன்னா நீங்க சொன்னது சரி. என் பசங்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்."

அவளே கேபிள்களை மாற்றி மாட்டினாள். புதிய ஆம்பை முதலில் போட்டாள். உம்ம் என்றது! இப்போது கிட்டாரைப் பழைய ஆம்புக்கு மாற்றினாள். அத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்த பெட்டி வாயே திறக்கவில்லை. டெபோராவின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அண்ணா? கேபிள்தான்!"

மோகன்ராஜ் சிரிக்க வாய் திறந்தான். சிரிப்பு வரவில்லை. குனிந்து சாக்கெட்டைப் பார்த்தான். பிளக்கில் சிவப்பு டேப், இரண்டு சுற்று. பழைய ஆம்புக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் கரண்ட் கசிகிறது என்று போன வருஷமே அவனே சொல்லியிருந்தான். இத்தனை நாள் அந்தக் கசிவு எர்த்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது போக வழியில்லாமல் அது பெட்டியில் நிற்கிறது; பெட்டியிலிருந்து கிட்டார் கம்பிக்கு, கம்பியிலிருந்து அவள் விரலுக்கு. முன்னால் நிற்கும் மைக்குக்கு எர்த் உண்டு; அதைத் தொட்டால் அத்தனையும் அவள் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். கேபிள் சேதியை ஜெயசீலியக்காவைக் கூப்பிட்டுச் சொல்ல, டெபோரா அந்த மைக்கை நோக்கி உதட்டைக் கொண்டுபோனாள்.

"மைக்கைத் தொடாத!"

சொல் முடிவதற்குள் அவள் உடம்பு விறைத்தது. மோகன்ராஜ் பாய்ந்து கேபிளைப் பிடுங்கினான். கிட்டாரோடு தரையில் சாய்ந்தாள். "ஐயோ ஆண்டவரே!" என்று ஜெயசீலியக்கா ஓடி வந்தார். டெபோராவின் மூச்சு எங்கேயோ போய், மனமில்லாமல் திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் இடது கை விரல்களுக்கு மருந்து வைத்துக் கட்டினார்கள். மோகன்ராஜ் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"இது மாதிரி இன்னும் எத்தனை அண்ணா?"

அவனுக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. தாம்பரம் முதல் கடற்கரைக் குப்பம் வரை, ஆடித் திருவிழா மேடை போடாத தெரு உண்டா? ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போனில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, சிவப்பு டேப் போட்ட கேபிளைக் கழற்றி எறியச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். சிலர் சரி என்றார்கள். கேளம்பாக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கும் எத்திராஜின் ஆம்ப் கேபிளிலும் அந்தச் சிவப்பு டேப் உண்டு; அவன் ஏழாவது தடவைதான் எடுத்தான்.

"இன்னா தலீவா? அம்மன் கோயில் மேடையில கீறேன். மழை ஊத்திக்கினு கீது, ஒண்ணும் கேக்கல. பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க, அப்பாலிக்கா பேசறேன்!"

போனில், எத்திராஜுக்குப் பின்னால் ஒரு கிட்டார் கேட்டது. துளி இரைச்சல் இல்லை.

"நிறுத்துடா! தொட வேணாம்னு சொல்லுடா!" என்று மோகன்ராஜ் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான். லைன் அதற்கு முன்பே கட்டாகியிருந்தது.