சலீம் பாய் விழுந்த ஆற்றங்கரை

போன வாரம் ஈரோடு போகும் பாசஞ்சரில் உட்கார்ந்திருந்தேன். ஊத்துக்குளியில் வண்டி நின்றபோது, பக்கத்து சீட்டுப் பீகார்க்காரர் தன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். புதிதாக ஏதோ விளையாட்டு இறக்கியிருக்கிறார். திரையில் தெய்வங்கள் வரிசையாக நின்றன. ஒருவர் கையில் நெருப்பு, ஒருத்தி தலையில் பாம்பு. "பையா, கௌன் சா பகவான் அச்சா?" என்றார். எந்தச் சாமி நல்ல சாமி என்று முன்பின் தெரியாத என்னிடம் கேட்கிறார். ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவருடைய பையிலிருந்து புது பனியன் துணியின் வாசனை வந்தது. அயர்ன் சூடு இன்னும் ஆறாத துணிக்கு இருக்கும் வாசனை. உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். எனக்கு அது திருப்பூர் மண்ணரை வாசனை, மதியச் சாப்பாட்டு நேரத்து வாசனை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், கரூரில் கொசுவலை என்று சுற்றிவிட்டுத் திருப்பூருக்கு வந்து சேர்ந்தேன். மண்ணரையில் ஒரு கம்பெனியில் கட்டிங் மேசைக்குத் துணி விரிக்கும் வேலை. நாச்சிமுத்து அண்ணன் அங்கே செக்கிங். வேலம்பாளையத்துக்காரர், வறண்டு போன தோட்டத்தை விற்றுவிட்டு வேலைக்கு வந்தவர். சலீம் பாய் ஓவர்லாக் டெய்லர். சாப்பிட்டு முடித்ததும் வேஸ்ட் துணி மூட்டைகள் மேல் மூன்று பேரும் சாய்ந்துகொண்டு போனை எடுப்போம். அப்போது எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த ஒரு மாய உலக விளையாட்டு. காடு, மலை, அரக்கர்கள், கோயில்கள்.

அந்த உலகத்தில் ஆளாளுக்கு ஒரு கடவுள் வேண்டும். கடவுள் வரம் கொடுப்பார், காயத்தை ஆற்றுவார், செத்தால் எழுப்பியும் விடுவார். நான் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை, கடவுள்களிடமும் அப்படித்தான். நெருப்புச் சாமியிடம் ஒரு மாதம், கடல் சாமியிடம் ஒரு மாதம். மாறும்போதெல்லாம் வாங்கிய வரம் போய்விடும். "உன்னைய எந்தச் சாமியும் நம்பாது கண்ணு," என்பார் நாச்சிமுத்து அண்ணன்.

அவர் எடுத்தது மலைமேல் வாளோடு உட்கார்ந்திருக்கும் பச்சை நிறத் தேவி. விளையாட்டில் அவளுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். அவருக்கு அவள் ஆத்தா. தன் வீரனை அவள் கோயிலுக்குள் அனுப்புவதற்கு முன் மூட்டைமேல் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்காருவார். அடித்துப் பிடித்துச் சம்பாதித்த நல்ல கத்தியை யாரும் கேட்காமலே அவள் காலடியில் போட்டுவிட்டு வருவார். நாங்கள் சிரித்தால், "சிரிங்க சிரிங்க," என்பார்.

சலீம் பாய் கடவுளே எடுக்கவில்லை. விளையாட்டில் அதற்கும் வழி இருந்தது, வரம்தான் கிடையாது. "வெளையாட்டுன்னாலும் இன்னொரு சாமி முன்னால மண்டி போட முடியாதுங்ணா," என்று ஒரே தடவை சொன்னார். அதன்பிறகு நாங்கள் கேட்கவில்லை. கடவுளில்லாத வீரன் செத்தால் விழுந்த இடத்திலேயே கிடப்பான். அந்த உலகத்து அமாவாசைக்குள் நண்பர்கள் அவனைத் தங்கள் கோயிலுக்குத் தூக்கிச் சென்றால் எழுந்துவிடுவான். ஆனால் நெற்றியில் அந்தச் சாமியின் குறி விழும், அது அழியாது. தூக்கவில்லையென்றால் மண்ணுக்குள் போய்விடுவான். விளையாடுகிறவர் புது ஆளாக, ஒரு கம்போடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்களில் கைத்திறன் அதிகம் சலீம் பாய்க்குத்தான். கம்போடு அலைந்ததும் அவர்தான். "வந்துட்டேனுங்ணா, கம்பெடுத்துட்டு," என்று சிரித்துக்கொண்டே வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் ஒரு பெரிய மிருகத்தோடு சண்டை. சலீம் பாய் விழுந்தார். மறுவாரம் கம்போடு வருவார் என்றிருந்தோம். அவர் கம்பெனிக்கே வரவில்லை. மஞ்சள் காமாலை முற்றிக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

ஆற்றங்கரையில் அவருடைய ஆள் கிடந்தபடி கிடந்தான். நாச்சிமுத்து அண்ணன் தினமும் மதியம் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருநாள் சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:

"தூக்கீட்டுப் போயறலாம் கண்ணு. ஆத்தாகிட்டக் கொண்டுபோய்ப் போட்டா எந்திரிச்சுக்குவாரு."

"யாருண்ணே, போன்ல கெடக்குறவரா?"

அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாய் வேணாம்னு சொல்லிருக்காருண்ணே."

"வேண்டாம்னு சொல்றதுக்காச்சும் மனுசன் இருக்கோணுமல்லொ."

கொங்கு நாட்டில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். நினைத்த பூ வந்தால் உத்தரவு. நாச்சிமுத்து அண்ணன் வேலம்பாளையத்தில் தன் வீட்டுப் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், போனில் கிடக்கிற ஓர் ஆளைத் தூக்கலாமா என்று பூக் கேட்டார். அவர் நினைத்திருந்தது வெள்ளை. வெள்ளையே வந்தது.

ஆனாலும் தூக்க மனம் வரவில்லை அவருக்கு. என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினார்.

சலீம் பாயின் கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு மட்டும் பெரிதாக, கைகால்கள் குச்சியாகக் கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். நாச்சிமுத்து அண்ணன் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் நின்றார்.

"பாய், பூக் கேட்டனுங்க. வெள்ளை உளுந்துருச்சு."

"எதுக்குங்ணா?"

"உங்களத் தூக்கறதுக்கு."

சலீம் பாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "உங்க ஆத்தா உங்களுக்கு உத்தரவு குடுத்துருச்சு. எனக்கு யாரும் குடுக்கலீங்களே."

"வெளையாட்டுதானுங்க பாய்."

"வெளையாட்டுன்னா நீங்க எதுக்குங்ணா பூக் கேட்டீங்க?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். சலீம் பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்கயே கெடக்கட்டுமுங்ணா. வந்து கம்பெடுத்துக்கறேன்."

அந்த அமாவாசை ஒரு வேலைநாளில் வந்தது. மதியம் அண்ணன் தன் வீரனை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போய் அந்த உடலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். 'தூக்கு' என்ற பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை அதற்கு மேலேயே வைத்திருந்தார், அழுத்தவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடல் மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. மேலே புல் மூடிக்கொண்டது. பெல் அடித்தது. போய் வேலையைப் பார்த்தோம்.

அடுத்த வாரம் சலீம் பாய் இறந்துபோனார். கபர்ஸ்தானில் நாங்களும் மண் போட்டோம்.

அதற்குப் பின் அவர் விளையாட்டைத் திறப்பார், மலை ஏறுவார், தேவி கோயில் வாசல்வரை போவார், உள்ளே போகமாட்டார். ஏனென்று கேட்டேன்.

"தீட்டு கண்ணு."

"தீட்டு பங்காளிகளுக்குத்தானண்ணே?"

"அந்த ஒலகத்துல பாய்க்கு நம்மள உட்டா ஆரு இருக்கா?"

அந்தத் தீட்டு எப்போது கழியும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்குள் கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஆட்களைக் கழித்தார்கள். நான் வழக்கம்போல ஊர் மாறினேன். விளையாட்டை நடத்தியவர்களும் கூட்டம் குறைந்துவிட்டதென்று அதை மூடிவிட்டார்கள். தேவிகள், சாமிகள், மலைக்கோயில் எல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போயின. நெருப்புச் சாமியும் கடல் சாமியும் போனதற்கு நான் வருந்தவில்லை. எனக்கு அவர்கள் பழைய முதலாளிகள் மாதிரி.

இந்த வருடம் ஒரு வேலையாகத் திருப்பூர் போனபோது நாச்சிமுத்து அண்ணனைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு டீக்கடையில் நின்று ஏதேதோ பேசினோம். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"தூக்கியிருந்தா எந்திரிச்சிருப்பாருங்களா?"

அவர் என்னைப் 'போங்க வாங்க' என்று பேசியது அன்றைக்குத்தான். பிறகு வேறொன்று கேட்டார்:

"அந்த ஆத்துக்கு என்னமோ பேரு வரும். என்னது அது?"

யோசித்துப் பார்த்தேன். மலையின் பெயர் நினைவிருந்தது, மிருகத்தின் பெயர்கூட நினைவிருந்தது. ஆற்றின் பெயர் வரவில்லை. அங்கேயே நின்று போனில் தேடினோம். யார் யாரோ எடுத்துவைத்த படங்கள் கிடைத்தன. கோயில்கள் இருந்தன, தெய்வங்கள் இருந்தன, வாளோடு அந்தப் பச்சைத் தேவியும் இருந்தாள். அந்த ஆற்றங்கரையை மட்டும் யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை.