மாமனார் மடியில் வந்த கேன்

பட்டறை மூலையில் பேட்டரி தண்ணீர் வந்த காலி கேன் ஒன்று கிடக்கிறது. ஓசூர் வீட்டின் பின்னால் தகரம் போட்ட இடத்தைத்தான் பட்டறை என்கிறேன். மனைவி குப்பைக்கிடங்கு என்பாள். அந்தக் கேனை மட்டும் யாரையும் தூக்கிப்போட விடமாட்டேன்.

மாமியாரின் முதல் வருட நினைவுத் திருப்பலிக்குள் அவருடைய பித்தளைச் சிலுவைக்கு நிக்கல் முலாம் போட்டுத் தருகிறேன் என்று மாமனாரிடம் வாயை விட்டேன். கம்பெனியில் எனக்கு லேத் வேலை. முலாம் வித்தையெல்லாம் செல்போனில் பார்த்தது. அவர் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து, சிலுவையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். பின்பக்கம் மாமியாரின் பெயர் மெல்லிசாகச் செதுக்கியிருந்தது. "பேரு பத்திரம் மாப்ள." அவ்வளவுதான் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். திட்டுகிற ஆளாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

முலாம் தொட்டிக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் குடமே வெள்ளை பூத்துவிடும். அதனால் தெருவுக்குக் குடிதண்ணீர் கேன் போடும் மூன்று பேரின் தண்ணீரையும் டம்ளரில் ஊற்றி, கல்யாணச் சமையல்காரன் ரசம் பார்ப்பதுபோல் ருசி பார்த்து, தித்திப்பாக இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். அதில் முலாம் போட்டு வெளியே எடுத்தபோது சிலுவைக்கு வேர்க்குரு! பெயர் எழுத்துகளுக்குள்ளும் பொடிப்பொடியாக. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குரு போகும், கூடவே பெயரும் போகும். ஒரு கால் குட்டையான ஸ்டூலில் ஆடியபடி, உப்புத்தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

கம்பெனியில் முலாம் பிரிவு நண்பனுக்கு போன் போட்டேன். "உப்பு கலந்திருந்தாத்தான்டா தண்ணி ருசிக்கும். சிலுவைக்கு எதுக்கு ருசி? பேட்டரிக்கு ஊத்துற தண்ணி வாங்கு."

நான் கடைக்குக் கிளம்புவதற்குள் மாமனார் வந்து நின்றார். சிலுவையை அரிசி டிரம்மில் ஒளித்தேன். மனைவி காட்டிக்கொடுத்தாள், ருசி பார்த்த கதையையும் நண்பன் சொன்ன பேட்டரி தண்ணீரையும் சேர்த்து. அவர் கட்டைவிரலால் பெயரை மெல்லத் தடவினார். சிரிக்கவில்லை. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்று நான் சாப்பிட்ட சோறு எங்கே போனதென்று தெரியாது.

மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார், கேனோடு. பஸ் ஆட்டத்தில் கசிந்துவிடும் என்று கிருஷ்ணகிரியிலிருந்து மடியிலேயே வைத்து வந்திருக்கிறார். வேட்டியில் கேனின் வட்டம் பதிந்திருந்தது. "இதையும் குடிச்சுப் பாத்துடாதீங்க மாப்ள." பிறகு என் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, உப்புத்தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். "போனா என் கையில போவட்டும்."

போகவில்லை. இளைத்துப்போனாலும் பெயர் நின்றது. அந்தத் தண்ணீரில் முலாமும் கண்ணாடியாக விழுந்தது.

இப்போது மாமனாரின் நினைவுத் திருப்பலிக்காக அதே சிலுவையில், மாமியார் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் செதுக்கி வாங்கி வந்திருக்கிறேன். பழைய முலாமைத் தேய்த்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். காலி கேன் பக்கத்தில் புதுக் கேன். ருசி பார்க்கவில்லை. ஸ்டூல் இன்னும் ஆடுகிறது. உப்புத்தாள் இந்த முறை என் கையில்.